பூச்சி, சிலந்தி: இனம் காணவும் சேகரிக்கவும் வளர்க்கவும் எங்கே தொடங்குவது?

பூச்சியியல் படித்ததில்லை, ஆனால் கண்ணில் படும் வண்டு, அந்துப்பூச்சி, சிலந்திக்கெல்லாம் பெயர் தெரிந்துகொள்ள ஆசை. சிறிதாக ஒரு சேகரிப்பு வைத்துக்கொள்ளவும், ஒன்றிரண்டை வளர்த்துப் பார்க்கவும் ஆசை. எங்கே தொடங்குவது, போட்டோ போதுமா, கொன்றுதான் ஆக வேண்டுமா, சிலந்தி கடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படிப்பு இல்லையே என்ற தயக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்தத் துறையில் பெரிய வேலைகள் பலவற்றைச் செய்தவர்கள் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். மரியா சிபில்லா மெரியன் ஓவியர். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்று எந்த அந்துப்பூச்சியாக வெளிவருகிறது என்று வீட்டில் வளர்த்துப் பார்த்து வரைந்தவர். 1699இல் மகளை அழைத்துக்கொண்டு சூரினாமுக்கே கப்பலேறிவிட்டார். இன்னும் நம் காலத்துக்கு அருகில் ஓர் உதாரணம் உண்டு, அது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்ற நகரத்தில் 1905இல் தொடங்கிய பூச்சியியல் சங்கம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் பூச்சி பார்ப்பவர்கள். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் கூடாரம் போன்ற மலேஸ் பொறிகளை வைப்பார்கள். ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன்காரர் 1930களில் கண்டுபிடித்த பொறி அது. தன் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேலே மேலே ஏறி, மூலையில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போவதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். பொறியின் உச்சியில் இருக்கும் ஆல்கஹால் பாட்டிலில் பூச்சிகள் விழும். கிரேஃபெல்ட்காரர்கள் அதை எடைபோட்டு, இடமும் தேதியும் எழுதி, அலமாரியில் அடுக்கிக்கொண்டே வந்தார்கள். 1989 முதல் 63 இடங்களில் சேர்ந்த அந்தக் கணக்கு 2017இல் கட்டுரையாக வெளிவந்தது. 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்பதை உலகம் அப்போதுதான் தெரிந்துகொண்டது.

கவனியுங்கள், அந்த முடிவுக்கு ஒரு பூச்சியின் பெயர்கூடத் தேவைப்படவில்லை. இடமும் தேதியும் எடையும் போதுமானதாக இருந்தது.

அதனால்தான் புதிதாக வரும் எல்லோரிடமும் நான் சொல்வது: பெயர் கடைசியில் வந்தால் போதும். எங்கே இருந்தது, எந்தத் தேதி, எதன்மேல் உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கையும் எழுதி வைத்துவிட்டால், பெயரைப் பத்து வருடம் கழித்து வேறு யாராவதுகூட வைத்துவிடுவார்கள். இந்த நான்கும் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால், கண்ணாடிப் பெட்டியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் அலங்காரம்தான்.

சரி, பெயருக்கு வருவோம். விவரித்துப் பெயர் வைக்கப்பட்ட பூச்சி இனங்களே சுமார் 10 லட்சம். அதில் வண்டுகள் மட்டும் 4 லட்சத்தை ஒட்டி. சிலந்தி இனங்கள் 2022இல் 50,000ஐத் தாண்டின. இதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. எந்த வரிசை (வண்டுகள், ஈக்கள் போன்ற பெரிய பிரிவு), அதற்குள் எந்தக் குடும்பம் என்று பார்த்தவுடன் சொல்லும் அளவுக்குக் கண் பழகினால் போதும். மிச்சத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் வெளியே போய்ப் பார்க்கும்போது காலை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். எறும்பு வேடம் போடும் தாவும் சிலந்திகள் முன்கால்களைத் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டே ஓடும். பார்ப்பவருக்கு அது ஆறு கால் எறும்புதான். நிறையப் பட்டாம்பூச்சிகள் நான்கே காலில் நிற்கின்றன, முன்கால்கள் சுருங்கி மார்போடு ஒட்டிக் கிடக்கும். எதிரியிடம் இரண்டு காலை விட்டுவிட்டு வந்த சிலந்தியும் உண்டு. காலைவிட உணர்கொம்பையும் உடல் பிரிவையும் பாருங்கள். சிலந்திக்கு உணர்கொம்பே கிடையாது, இறகும் கிடையாது. உடல் இரண்டே பகுதி, நடுவில் மெல்லிய காம்பு. உடல் ஒரே உருண்டையாக, மயிர்போல நீண்ட கால்களோடு இருந்தால் அது சிலந்தியே அல்ல. சிலந்தியின் தூரத்து உறவான அறுவடைப் பூச்சி அது. அதற்கு நஞ்சும் இல்லை, நூலும் இல்லை.

அதிகம் குழப்பும் ஜோடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேனீபோல மஞ்சளும் கறுப்புமாகப் பூவின் முன் அந்தரத்தில் அசையாமல் நின்றால், பெரும்பாலும் அது ஈ. ஈக்கு இறகு இரண்டுதான், உணர்கொம்பு குட்டை, கண்கள் முகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வண்டின் முதுகில் இரண்டு கெட்டியான மூடிகள் நடுவில் நேர்கோட்டில் சந்திக்கும். நாவாய்ப்பூச்சியின் முதுகில் ஒரு முக்கோணமும், அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று மடிந்த இறகுகளும் தெரியும். புரட்டிப் பார்த்தால் ஊசி மாதிரி உறிஞ்சுகுழல் வயிற்றோடு மடங்கியிருக்கும். பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சியுடையது நூல்போலவோ சீப்புபோலவோ இருக்கும். இதற்கெல்லாம் விதிவிலக்கு உண்டு, ஆனால் தொடக்கத்துக்கு இது போதும்.

சிலந்திகளில் நிறத்தை மறந்துவிடுங்கள். ஒரே இனத்திலேயே நிறம் மாறும். நண்டுச் சிலந்திகளில் சில உட்காரும் பூவுக்கேற்ப வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொள்ளும். கண் அமைப்புதான் முகவரி. தாவும் சிலந்திக்கு முன்னால் இரண்டு பெரிய கண்கள், கார் முன்விளக்குபோல. கைலென்ஸ் வைத்து அந்தக் கண்ணுக்குள் சிறிது நேரம் பாருங்கள்: ஒரு நொடி கரேலென்று இருக்கும், அடுத்த நொடி வெளிறும். கண்ணின் வெளிப்பகுதி அசையாது. உள்ளே இருக்கும் விழித்திரைக் குழாய்தான் உங்களைப் பார்ப்பதற்காகத் திரும்புகிறது. ஓநாய்ச் சிலந்திக்குக் கீழ் வரிசையில் நான்கு சிறிய கண்கள், அதற்கு மேலே இரண்டு பெரியவை, பின்னால் இன்னும் இரண்டு. கடித்தால் ஆபத்தான, முதுகில் வயலின் போன்ற அடையாளம் உள்ள லாக்சோசெலஸ் என்ற பழுப்புச் சிலந்திகளுக்கு ஆறே கண்கள், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. முதுகில் வயலின் வடிவம் தெரிகிறது என்று பயந்து போட்டோ அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது, வயலினை விடுங்கள், கண்ணை எண்ணுங்கள் என்பதுதான். வயலின் மாதிரி ஏதோ ஒன்று பல சாதுவான சிலந்திகளின் முதுகிலும் தெரியும்.

போட்டோ எடுப்பதென்றால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று. சிலந்தியானால் அடிவயிறும் வேண்டும். வலை இருந்தால் வலை முழுவதும் தெரியும்படி ஒன்று. பூச்சியானால் இறகு நரம்புகளும் உணர்கொம்பும் தெளிவாக விழ வேண்டும். அளவு தெரிய ஏதாவது அருகில் இருக்கட்டும். இல்லையென்றால் மில்லிமீட்டரில் எழுதிவிடுங்கள். உட்கார்ந்திருந்த செடியையும் ஒரு படம் எடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இலை தின்னும் பூச்சிகளில் பாதிப் பதில் செடியில் இருக்கிறது.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கின்றன, பேரினம் வரை, அதாவது நெருங்கிய இனங்களின் குழு வரை. அதற்குக் கீழே போனால், உலகில் யாரெல்லாம் அதிகமாகப் போட்டோ போட்டார்களோ அவர்கள் ஊர் இனத்தை உங்கள் ஊர்ப் பூச்சிக்குச் சூட்டிவிடும். செயலி சொன்ன இனம் உங்கள் பகுதியில் இருப்பதாகப் பதிவு உண்டா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒரு பதிவு ஆய்வுத் தரம் என்று ஆக, தேதியும் இடமும் படமும் இருக்க வேண்டும், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் முதலில் சொன்னவர் பின்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வரியில் விளக்குபவரின் பதிலுக்கு எடை அதிகம் கொடுங்கள்.

'குடும்பம் வரை மட்டும்தான் சொல்ல முடியும்' என்று விவரம் தெரிந்தவர் சொன்னால் வருத்தப்படாதீர்கள். அது முழுமையான பதில். சிலந்திகளில் இனத்தை உறுதி செய்ய, பெண்ணின் அடிவயிற்றில் இருக்கும் இனப்பெருக்கத் தகட்டையோ, ஆணின் முகத்துக்கு அருகே குத்துச்சண்டைக் கையுறைபோல வீங்கியிருக்கும் உணர்கால்களையோ மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டியிருக்கும். குஞ்சுகளில் இவை இன்னும் உருவாகியிருக்காது, ஆகவே குஞ்சுச் சிலந்தியின் இனம் பல சமயம் எவருக்குமே தெரியாது. பூச்சிகளிலும் இதே கதைதான். நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ் நீலப் பட்டாம்பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்புகளை மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிட்டே, அவை ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணைப் பக்கமாகப் பல அலைகளாக அமெரிக்காவுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்று 1945இல் எழுதினார். அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2011இல் மரபணு ஆய்வு அவர் சொன்னதுதான் சரி என்றது.

சிலந்திக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். விலங்குகளின் அறிவியல் பெயர்கள் எல்லாம் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலைத் தொடக்கமாகக் கொண்டவை. கார்ல் கிளர்க் என்ற ஸ்வீடன்காரர் சிலந்திகளுக்கு வைத்த பெயர்கள் மட்டும் 1757ஆம் ஆண்டினுடையவை. விதியில் தனியாக இடம் கொடுத்து அவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், கொல்வது. தும்பி, பட்டாம்பூச்சி, கும்பிடுபூச்சி இவற்றுக்குப் பெரும்பாலும் நல்ல போட்டோவே போதும். சிறு வண்டு, குட்டிக் குளவி, ஈ, பெரும்பாலான சிலந்தி இவற்றில் இனம் வரை போக வேண்டுமென்றால் மாதிரி வேண்டும், வேறு வழியில்லை. பிடிக்காவிட்டால் கொல்லாதீர்கள், போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு பல வருடம் நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொல்வதென்றால் ஓரினத்துக்கு ஒன்றிரண்டு போதும். அதற்கு முன்னால், செத்துக் கிடப்பதைச் சேகரித்துப் பழகுங்கள். ஜன்னல் ஓரம், விளக்கின் மூடி, சிலந்தி வலையின் அடிப்பகுதி, வண்டியின் முன்பக்கம் என்று தேடினால் ஊசி குத்திப் பழகுவதற்கு வேண்டிய அளவு கிடைக்கும். உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியில்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்கக்கூடாது என்று இருக்கலாம். அலெக்சாண்ட்ரா அரசியின் பெயர் கொண்ட பெரிய பறவையிறகுப் பட்டாம்பூச்சி அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காய்ந்த இறகோடு யாராவது விற்க வந்தாலும் தொடாதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், மூடியுள்ள சிறு குப்பிகள், மெல்லிய தூரிகை, வெளிர் நிறக் குடை. குடையை விரித்துத் தலைகீழாகப் புதரின் கீழே பிடித்துக் கிளையைத் தடியால் இரண்டு தட்டு தட்டினால், நீங்கள் நின்று பார்த்தும் கண்ணில் படாததெல்லாம் குடைக்குள் விழும். குப்பிகள் நிறைய எடுத்துப் போங்கள். டார்வின் மாணவராக இருந்தபோது மரப்பட்டையை உரித்து அரிய வண்டுகள் இரண்டைக் கைக்கு ஒன்றாகப் பிடித்திருக்கிறார். மூன்றாவதாக ஒன்று ஓட, வலக்கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கில் எரியும் திரவத்தைப் பீய்ச்ச, துப்பியதில் அதுவும் போனது, மூன்றாவதும் போனது.

இரவில் ஒரு முறையாவது வெளியே போங்கள். நெற்றி விளக்கையோ, கண்ணுக்கு அருகில் பிடித்த டார்ச்சையோ புல்தரை மேல் மெதுவாக வீசுங்கள். பனித்துளிபோலப் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னும். பனித்துளி நீங்கள் நகர நகர நிறம் மாறிச் சிதறும். இது அசையாமல் உங்களையே பார்க்கும். அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து போய்க் குனிந்தால், அங்கே ஓநாய்ச் சிலந்தி உட்கார்ந்திருக்கும். அதன் கண்ணுக்குப் பின்னால் பூனைக் கண்ணில் இருப்பதுபோன்ற பிரதிபலிக்கும் படலம் இருப்பதால்தான் இப்படி. விளக்கை இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது, ஒளி வந்த வழியே திரும்புகிறது என்பதால் உங்கள் கண்ணும் விளக்கும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். முதுகில் குஞ்சுகளைச் சுமக்கும் தாயாக இருந்தால் பெரிய புள்ளியைச் சுற்றிப் பொடிப்பொடியாக இன்னும் மின்னும். தேளைத் தேடுவதென்றால் புற ஊதா விளக்கு. அது பச்சையாக ஒளிர்வதைப் பத்தடி தள்ளியே பார்க்கலாம்.

கொல்வதற்கு ஃப்ரீசரே நல்லது. குப்பியோடு ஒரு நாள் வைத்துவிட்டால் முடிந்தது. எத்தில் அசிடேட் ஊற்றிய ஜாடி வெளியூர்ப் பயணத்துக்கு வசதி. சயனைடு பற்றிப் பழைய கையேடுகளில் படித்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஊசி விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தையல் குண்டூசி குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும், துருவும் பிடிக்கும். பூச்சிக்கென்று விற்கும் ஊசி 38 மில்லிமீட்டர் நீளம். இரண்டாம் எண், மூன்றாம் எண் தடிமன் பெரும்பாலானவற்றுக்குச் சரியாக இருக்கும். வண்டுக்கு நடுவில் குத்தாதீர்கள். வலப்பக்க இறகுமூடியின் மேல்பகுதியில், ஊசி அடியில் வெளிவரும்போது நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே வரும்படி இறக்க வேண்டும். சரியான இடத்தில் இறங்கினால் மெல்லிய ஒரு 'டக்' கையில் தெரியும், அப்புறம் வழுக்கிக்கொண்டு போகும். வலப்பக்கம் சேதமானாலும் இடப்பக்கம் முழுதாக மிஞ்சும் என்பதுதான் கணக்கு. பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் மார்பின் நடுவில். ஊசி குத்தினால் உடைந்துவிடும் அளவுக்குச் சிறியவற்றைச் சிறு முக்கோண அட்டை நுனியில் பசையால் ஒட்டி, அட்டையில் ஊசியைக் குத்துங்கள். காய்ந்து விறைத்ததை நேரே குத்தினால் கால் உதிரும். ஈரத்துணி போட்டு மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வைத்தால் மூட்டுகள் இளகும். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

சிலந்தியை ஊசியில் குத்தவே கூடாது. வயிறு மென்மையானது, காய்ந்ததும் திராட்சைபோலச் சுருங்கி எதற்கும் உதவாமல் போகும். 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். மரபணு ஆய்வுக்குப் பயன்பட வேண்டுமானால் 95 சதவீதம். ஃபார்மலின் வேண்டாம். லேபிளைக் குப்பிக்கு வெளியே ஒட்டாதீர்கள், ஒரு நாள் உரிந்துவிடும். பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் பேனாவின் மை ஆல்கஹாலில் கரைந்து, எழுத்து போய் நீலத் தண்ணீர் மட்டும் மிஞ்சும்.

லேபிளில் நாடு, மாவட்டம், இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, எதன்மேல் இருந்தது, பிடித்தவர் பெயர் ஆகியவை வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பழைய வழக்கம்: 5.vii.2024. நாள் எது, மாதம் எது என்று நாட்டுக்கு நாடு குழம்பாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பூச்சியின் பெயரை வேறொரு சிறு லேபிளில், அடையாளம் கண்டவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதி அடியில் குத்துங்கள். பெயர் மாறும்போது பழைய லேபிளைத் தூக்கிப்போடாமல் புதியதைக் கூடச் சேர்க்க வேண்டும். 'வீட்டு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்' என்பது வேலைக்காகாது. நோட்டும் பெட்டியும் என்றாவது ஒருநாள் பிரியும்.

பெட்டிக்கு எதிரி வெளியே இல்லை. அந்த்ரீனஸ் என்ற குட்டி வண்டின் மயிரடர்ந்த புழுக்கள் காய்ந்த பூச்சியை உள்ளிருந்து தின்றுவிடும். ஊசியின் கீழே பழுப்புத் தூள் கொட்டியிருந்தால் அதுதான். பெட்டியைப் பையில் இறுகக் கட்டி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். புதிதாகச் சேர்ப்பது எதுவானாலும் இப்படி உறைய வைத்த பிறகே பெட்டிக்குள் போகட்டும். நாப்தலின் உருண்டை பழைய வழி. நாம் தூங்கும் அறையில் அந்த நெடி தேவையில்லை.

வளர்ப்புக்கு வருகிறேன். இங்கே என் சாய்வை ஒளிக்கப்போவதில்லை: முதலில் புழு வளருங்கள், கடையில் வாங்கிய டாரன்டுலா என்ற மயிரடர்ந்த பெரிய சிலந்தியை அல்ல. புழு எந்தச் செடியில் இருந்ததோ அந்தச் செடியின் இலைதான் உணவு. வேறு இலையை வைத்தால் பெரும்பாலானவை பட்டினி கிடந்து சாகுமே தவிரத் தொடாது. காற்று போகும் டப்பா, அடியில் டிஷ்யூ பேப்பர், தினமும் எச்சத்தைத் தட்டிவிட்டுப் புது இலை. அவ்வளவுதான் வேலை. கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகினால் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும். தின்பதை நிறுத்தி, இளகலாக ஒரு எச்சம் போட்டுவிட்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தால், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது என்று அர்த்தம். பட்டாம்பூச்சி வெளிவந்ததும் சிவப்பாகச் சொட்டுவது ரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. தொங்கி இறகு விரிக்க இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சுருங்கிய இறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும்.

பட்டாம்பூச்சிக்குக் காத்திருக்கும்போது கூட்டிலிருந்து ஒரு ஈயோ, சிறு குளவிக் கூட்டமோ வந்தால் நிறையப் பேர் எரிச்சலில் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள். எந்தப் புழுவிலிருந்து எந்த ஒட்டுண்ணி வந்தது என்பது வளர்த்துப் பார்த்தவருக்கு மட்டுமே கிடைக்கும் தகவல். இரண்டையும் ஒரே லேபிளோடு பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தபடியாகக் குச்சிப்பூச்சி, கும்பிடுபூச்சி. இரண்டும் தலைகீழாகத் தொங்கிச் சட்டை உரிப்பவை, ஆகவே டப்பாவின் உயரம் உடல் நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும், கூரையில் கால் பிடிக்க வலைத்துணி வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் மூடியிலிருந்து பாதி உரித்த நிலையில் விழுந்தால் கால் கோணி முடிந்துவிடும். கும்பிடுபூச்சிகளை ஒன்றாகப் போட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். பரிசோதனைச் சாலைகளில் பிரபலமான கரௌசியஸ் மொரோசஸ் என்ற குச்சிப்பூச்சியின் பெண்கள் ஆணே இல்லாமல் முட்டையிடும். முட்டை விதைபோல எச்சத்தோடு கலந்து கிடக்கும். டப்பாவைச் சுத்தம் செய்த குப்பையை உறைய வைக்காமல் வெளியே கொட்டாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1860களின் கடைசியில் எத்தியென் ட்ரூவெலோ என்ற அமெச்சூர், பட்டு ஆராய்ச்சிக்காக ஐரோப்பிய அந்துப்பூச்சி ஒன்றை அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் மெட்ஃபோர்டில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சில தப்பின. இன்றுவரை அந்தப் பூச்சியின் புழுக்கள் அங்கே காடுகாடாக இலையை மொட்டையடிக்கின்றன. அவர் பூச்சியை விட்டுவிட்டு வானியலுக்குப் போய், கோள்களையும் வால்நட்சத்திரங்களையும் அற்புதமாக வரைந்தார். வெளியூர் இனம் எதுவாக இருந்தாலும் அலுத்துப்போனதும் தோட்டத்தில் விட்டுவிடும் பேச்சே கூடாது.

சிலந்திகளில் தாவும் சிலந்தி எளிது. பகலில் விழித்திருக்கும், உங்களைத் திரும்பிப் பார்க்கும், சிறிய டப்பா போதும். டப்பாவின் மேல் மூலையில்தான் உறங்கும் பை பின்னும். ஆகவே மூடி மேலே இல்லாமல் பக்கவாட்டில் திறக்கும்படி இருந்தால் தினமும் அதன் வீட்டைக் கிழிக்க வேண்டியிருக்காது. இரை அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். தண்ணீருக்குச் சுவரில் ஓரிரு துளி தெளித்தால் போதும். ஈரம் வேண்டும் என்று காற்றை அடைத்துவிடுவதுதான் பெரும்பாலான வளர்ப்புச் சிலந்திகள் சாகக் காரணம் என்பது என் எண்ணம். வட்ட வலை பின்னும் பெரிய சிலந்திகளை டப்பாவில் அடைக்காதீர்கள், வலைக்கு இடமில்லாமல் வாடிவிடும். இருந்த இடத்திலேயே தினம் போய்ப் பாருங்கள், அதுவும் வளர்ப்புதான்.

டாரன்டுலா வேண்டும் என்று முடிவே செய்துவிட்டீர்கள் என்றால்: பெண் 20 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது, அதற்குத் தயாரா என்று யோசியுங்கள். (ஆஸ்திரேலியாவில் 16 என்று எண் கொடுத்துக் கவனித்துவந்த பெண் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்று 43 வயது வரை இருந்தது, அது கிழப்பருவத்தில் சாகவில்லை, குளவி கொட்டிப் போனது.) மல்லாந்து கிடந்தால் சாகவில்லை, சட்டை உரிக்கிறது. தொடாதீர்கள், உயிருள்ள இரையை எடுத்துவிடுங்கள். மென்தோலோடு கிடக்கும் சிலந்தியைச் சிள்வண்டு கடித்தே கொன்றுவிடும். கையில் எடுத்து விளையாட வேண்டாம், முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடிக்கலாம். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவும் வயிற்று மயிரை உதைத்து வீசும், கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். பிராக்கிபெல்மா பேரினம் சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்பில் பிறந்தது என்பதற்குத் தாள் கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கடைசிக் கேள்வி, கடி. ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் நஞ்சு உண்டு, ஆனால் மனிதருக்கு ஆபத்தானவை சில குழுக்கள்தான்: கறுப்பு விதவைகள் அடங்கிய லாட்ரோடெக்டஸ், பழுப்புச் சிலந்தி லாக்சோசெலஸ், ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்திகள், தென்னமெரிக்காவின் போனியூட்ரியா. அவையும் தேடிவந்து கடிப்பதில்லை. அமெரிக்காவில் கான்சஸில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பழுப்புச் சிலந்திகளைப் பிடித்திருக்கிறார்கள். அங்கே குடியிருந்த குடும்பத்தில் ஒருவரைக்கூட அவை கடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் தோலில் கோடாகக் கொப்புளம் இருந்தால் சிலந்தியைத் திட்டுவதற்கு முன் பேடரஸ் என்ற மெல்லிய ஆரஞ்சு கறுப்பு வண்டைச் சந்தேகியுங்கள். அது கடிப்பதே இல்லை. தோலின்மேல் நசுக்கப்பட்டால் உடலுக்குள் இருக்கும் ரசாயனம் புண்ணாக்கிவிடும். ஊதித் தள்ளுங்கள், தேய்க்காதீர்கள். மயிரடர்ந்த கம்பளிப்புழுவையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

உண்மையிலேயே சிலந்தி கடித்தது என்றால் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். கீறி ரத்தம் எடுப்பது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். வலி பரவினாலோ, வியர்த்தாலோ, தசை இறுகினாலோ, மூச்சு கஷ்டமானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புனல்வலைச் சிலந்தி இருக்கும் பகுதியானால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். கடித்த கையையோ காலையோ பாம்புக்கடிக்குச் செய்வதுபோல அகலமான துணியால் இறுக்கிச் சுற்றி, அசைக்காமல் வைத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள். கடித்ததை ஆபத்தில்லாமல் பிடிக்க முடிந்தால், நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, குப்பியில் போட்டு ஆல்கஹால் ஊற்றி எடுத்துப் போங்கள். கண் வரிசையும் உணர்காலும் மிஞ்சியிருந்தால், என்ன குடும்பம் என்று சொல்லிவிடலாம்.